வானில் ஒரு பலூன், மன்னாரில் ஒரு கொடி

மன்னார்: கடல்வாசலின் கதை – பகுதி 17

சென்ற வாரம் ஒல்லாந்தரை மன்னார்க் கோட்டைக்குள் இருத்திவிட்டு வந்தோம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கோட்டையை 1696இல் நான்கு கொத்தளங்களோடு புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். சாயவேர், சங்கு, வன்னி யானை என்று பல வழிகளில் காசு வந்தது. பெரும் வருமானம் தரவேண்டிய முத்துச் சலாபம் மட்டும் 1768க்குப் பிறகு நடக்கவேயில்லை. ஆற்காட்டு நவாபுக்கும் ஒல்லாந்தருக்கும் பங்குத் தகராறு. இருவரும் அடிபட, அரிப்புக் கடலின் பார்களில் சிப்பிகள் ஆண்டுக்கணக்கில் ஆள் தொடாமல் கிடந்தன.

ஒல்லாந்தரின் அந்த ஆட்சி 1795 ஒக்டோபர் 5ஆம் திகதி முடிந்தது. கோட்டையில் ஒல்லாந்தக் கொடி இறங்கியது, ஆங்கிலக் கொடி ஏறியது. நீண்ட முற்றுகையோ கொத்தளங்களைத் தகர்த்த பீரங்கிச் சண்டையோ இல்லை.

மன்னாரில் நடந்தது இவ்வளவுதான். ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. ஆனால் 137 ஆண்டுகள் வைத்திருந்த ஒரு தீவை ஒரு வல்லரசு ஏன் இப்படி விட்டுப்போனது? அதற்கு விடை மன்னாரில் இல்லை, கொழும்பிலும் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு வயல்வெளியில் இருக்கிறது. இந்த வாரம் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பலாம்.

* * *

1794 ஜூன் 26. சாம்ப்ர் ஆற்றுக்கு வடக்கே, ஃப்ளூருஸ் என்ற ஊரைச் சுற்றிய வயல்கள். பொழுது விடியும் நேரம்.

ஒரு பக்கம் புரட்சிப் பிரான்சின் படை, 70,000 பேருக்கு மேல். தளபதி ஜூர்தான். மறுபக்கம் ஒஸ்திரியரும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தருமாக 50,000 பேர் அளவில். தளபதி கோபுர்க் இளவரசர். இந்தக் கூட்டுப்படையின் வலது அணியை நடத்தியவரைக் கவனியுங்கள். ஒராஞ்ச் இளவரசர் வில்லியம், வயது 21. ஒல்லாந்தின் அரசுத் தலைவர் ஐந்தாம் வில்லியத்தின் மகன். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் எந்தக் குடும்பத்தின் பேரில் கோட்டைகள் காவல் காக்கப்பட்டனவோ, அந்தக் குடும்பத்தின் வாரிசு.

இவர்கள் ஏன் அங்கே நின்றார்கள்? இன்றைய பெல்ஜியம் அப்போது ஒஸ்திரியப் பேரரசனின் சொத்து. அதற்கு வடக்கே ஒல்லாந்து. பெல்ஜியம் விழுந்தால் ஒல்லாந்துக்கு முன்னால் தடுப்பு எதுவும் இல்லை. ஆகவே பிரெஞ்சுப் படை சுற்றி வளைத்திருந்த ஷார்ல்ருவா கோட்டையை மீட்கக் கோபுர்க் படையோடு வந்திருந்தார்.

அன்று களத்துக்கு மேலே, கயிற்றில் கட்டிய ஒரு பெரிய உருண்டை மிதந்தது. ஐதரசன் வாயு நிரப்பிய பலூன். பெயர் 'லாந்ரப்ரெனான்'. அதற்குள் கூத்தெல் என்ற கப்டன். கீழே நடப்பதைத் தொலைநோக்கியால் பார்த்து, எழுதிப் பைகளில் இட்டுக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். பல மணி நேரம் அவர் மேலேயே இருந்தார். போர்க்களத்தில் மனிதன் வானத்திலிருந்து பகைவனை வேவு பார்த்த முதல் பெரிய சண்டை இதுதான். ஒஸ்திரியச் சிப்பாய்களுக்கு இது பெரிய எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஒருவன் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனால் பலூன்தான் வென்றது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சண்டையைத் தீர்த்தது வேறொரு செய்தி.

காலையில் சண்டை கூட்டுப்படைக்கு மோசமாகப் போகவில்லை. பிரெஞ்சுப் படையின் வலது பக்கத்தை நடத்திய மார்சோ, ஆற்றுக்கு அப்பால் வரை தள்ளப்பட்டார். லெஃபேவ்ர் என்பவர் லாம்புசார் கிராமத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றிராவிட்டால் வரிசையே உடைந்திருக்கும். மறு கோடியில் ஒராஞ்ச் இளவரசரின் அணியைக் கிளேபர் தடுத்துத் திருப்பினார். மதியம் தாண்டியும் யார் வெல்வார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் கோபுர்க்குக்கு உறுதியான தகவல் கிடைத்தது. எந்தக் கோட்டையை மீட்க வந்தாரோ, அந்த ஷார்ல்ருவா முதல் நாளே, ஜூன் 25ஆம் திகதியே, சரணடைந்துவிட்டது. காலையிலிருந்து உயிர்களைக் கொடுத்தது இல்லாத ஒரு காவற்படைக்காக.

இனி எதற்குச் சண்டை? கோபுர்க் பின்வாங்க உத்தரவிட்டார். தோற்று ஓடிய படையல்ல அது. ஒழுங்காகத்தான் திரும்பியது. ஆனாலும் திரும்பிய படை பிறகு நிற்கவில்லை. ஜூலை 10 அன்று பிரெஞ்சுக்காரர் பிரசெல்சுக்குள் நுழைந்தார்கள். வியன்னாவில் இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் பெல்ஜியத்தைவிடப் போலந்தில் தங்களுக்குக் கிடைக்கப்போகும் பங்கே பெரிதாக இருந்தது. தொலைவில் இருந்த ஒரு மாகாணத்துக்காக இன்னொரு படையை அழித்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. அதன் விலையைக் கொடுத்தது ஒஸ்திரியா அல்ல, ஒல்லாந்து.

* * *

அந்த ஆண்டுக் குளிர்காலம் கொடியது. ஒல்லாந்தை எப்போதும் காப்பாற்றியவை அதன் ஆறுகள். பகைவன் வந்தால் மதகைத் திறந்து நாட்டை வெள்ளத்தில் மூழ்கடித்துவிடுவார்கள். தண்ணீரே மதில். அந்த மதில் அந்த வருடம் உறைந்து கல்லாகிப் பாதையாகிவிட்டது. பிஷக்ருவின் பிரெஞ்சுப் படை பீரங்கி வண்டிகளோடு ஆறுகளின் மேல் நடந்து வந்தது.

1795 ஜனவரி 18. ஷெவனிங்கன் கடற்கரையிலிருந்து ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பினார். போனது போர்க்கப்பலில் அல்ல, மீன்பிடி வள்ளத்தில். கிழக்கே ஜாவா முதல் மேற்கே கியூராசோ வரை கோட்டைகள் வைத்திருந்த நாட்டின் தலைவர், மீனவர் தயவில் கடல் கடந்தார்.

மறுநாள் பத்தாவியக் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஒல்லாந்து இப்போது பிரான்சின் கூட்டாளி. நேற்றுவரை ஒஸ்திரியரோடும் ஆங்கிலேயரோடும் ஒரே அணியில் நின்ற நாடு ஒரே இரவில் எதிர் அணிக்குப் போய்விட்டது.

இங்கேதான் மன்னார்க் கோட்டைக்குச் சிக்கல் தொடங்குகிறது. அதன் காவற்படை யாருக்குச் சொந்தம்? ஓடிப்போன அரசுத் தலைவருக்கா, பாரிசைப் பார்த்து வளரும் புதிய குடியரசுக்கா, இருவருக்கும் இடையில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கா?

அந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலேயர் ஒரு கடிதத்தால் விடை எழுதினார்கள். பெப்ரவரி 7 அன்று, இலண்டனுக்கு அருகே கியூவில் தங்கியிருந்த ஐந்தாம் வில்லியம் கையொப்பமிட்டார். குடியேற்ற நாடுகளில் உள்ள ஒல்லாந்த ஆளுநர்கள் எல்லோரும் ஆங்கிலப் படைகளை நட்புப் படைகளாகக் கோட்டைகளுக்குள் விடவேண்டும் என்பது உத்தரவு. அகதி ஒருவரின் கையொப்பம். ஆனால் பல கோட்டைகளுக்கு அதுவே திறப்பு.

* * *

கடிதம் சென்னைக்கு வந்தபோது ஆங்கில ஆளுநர் ஹோபார்ட் ஒரு நாளையும் வீணாக்க விரும்பவில்லை. காரணம் திருகோணமலை. 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துக்காட்டியிருந்தார். பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையில் ஒரு கடற்படைக்கு ஒதுங்க அதைப்போல வேறிடம் இல்லை. அங்கே மறுபடி பிரெஞ்சுக் கொடி பறந்தால் சென்னைக்குத் தூக்கம் இல்லை.

மேஜர் அக்னியூ கடிதங்களோடு கொழும்புக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒல்லாந்த ஆளுநர் வான் ஆங்கல்பேக்.

ஆங்கல்பேக்கைக் கோழை என்று சொல்வோர் உண்டு, துரோகி என்போரும் உண்டு. எனக்கு அவர் இரண்டுமாகத் தெரியவில்லை. கையில் இரண்டு எசமானர்கள், கருவூலத்தில் காசில்லை, கோட்டைகளில் பாதிப்பேர் கூலிப்படையினர். அவர் நடுவழி ஒன்றைத் தேடினார். திருகோணமலையின் ஒஸ்டன்பேர்க் கோட்டைக்குள் 300 ஆங்கிலச் சிப்பாய்களை விடலாம் என்றார். கதவை முழுதாகத் திறக்காமல், மூடாமலும் இருக்கப் பார்த்தார்.

அந்த நடுவழி திருகோணமலையில் உடைந்தது. அங்கிருந்த தளபதி ஃபோர்ன்பவுர், உத்தரவு முறைப்படி எழுதப்படவில்லை என்று சொல்லிக் கதவைத் திறக்க மறுத்தார். ஒரு காகிதக் குறை போருக்கு வாசல் திறந்தது.

ஆங்கிலக் கடற்படைத் தளபதி ரெய்னியரின் கப்பல்கள் ஓகஸ்ட் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வந்திருந்தன. வந்த கையோடு 'டயோமீட்' என்ற போர்க்கப்பல் கடலடிப் பாறை ஒன்றில் மோதி மூழ்கிப்போனது. தரையில் இறங்கிய படைக்குத் தலைவர் கேணல் ஸ்டூவர்ட். அலையோடு போராடிப் பீரங்கிகளை இறக்கவே நாட்கள் போயின. ஓகஸ்ட் 26இல் பிரெட்ரிக் கோட்டையின் மதில் பிளந்து, கோட்டை பணிந்தது. 31இல் ஒஸ்டன்பேர்க். செப்டெம்பர் 18இல் மட்டக்களப்பு.

இதற்கிடையில் பத்தாவியக் குடியரசின் செய்தி கொழும்பில் உறுதியானது. ஆங்கல்பேக்கின் சபை எதிர்த்து நிற்பதென்று தீர்மானித்தது. தீர்மானம் நல்லதுதான். ஆனால் அதற்குள் கிழக்கு கையைவிட்டுப் போய்விட்டது.

* * *

செப்டெம்பர் இறுதி. ஸ்டூவர்ட்டின் படை பருத்தித்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தை நோக்கி நடந்தது.

யாழ்ப்பாணக் கோட்டை ஆசியாவில் ஒல்லாந்தர் கட்டியவற்றுள் அழகும் உறுதியும் மிக்க ஒன்று. ஐந்து கொத்தளம், அகழி, வெளிமதில் எல்லாம் உண்டு. இல்லாதது ஆட்கள். அவ்வளவு நீண்ட மதிலைக் காக்கத் தேவையான படையில் ஒரு சிறு பகுதிகூட உள்ளே இல்லை. பலம் முழுவதும் கொழும்புக்கு இழுக்கப்பட்டிருந்தது. செப்டெம்பர் 28 அன்று, சரணடையும்படி அழைப்பு வந்ததும் கோட்டை பணிந்தது.

மன்னாரின் தலைவிதி எழுதப்பட்டது அந்த நாளில்தான். ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னார் யாழ்ப்பாணக் கொமாண்டரின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. உத்தரவு அங்கிருந்து வரும், சம்பளம் அங்கிருந்து வரும், உதவிப் படையும் அங்கிருந்துதான் வரவேண்டும். யாழ்ப்பாணம் போனபின் மன்னார் நங்கூரக் கயிறு அறுந்த வள்ளம்.

கோட்டையின் இயல்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தள்ளாடிப் பக்கமிருந்து பாலத்தால் தீவுக்குள் வருகிறவர்கள் முதலில் காண்பது அதைத்தான். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எந்தத் தோணி போகிறது, என்ன ஏற்றிப்போகிறது, தீர்வை கட்டியதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு முழுப் படையை எதிர்த்துத் தனியே நிற்பதற்காக அமைந்த இடமல்ல அது. தீவின் மறுபகுதி நெடுகிலும், இன்றைய ஓலைத்தொடுவாய், பேசாலை, தலைமன்னார் வரைக்கும், திறந்து கிடக்கும் மணற்கரை. எங்கே வேண்டுமானாலும் வள்ளத்தைக் கரையேற்றலாம். முதுகு முழுவதும் திறந்திருக்க முகத்தை மட்டும் காத்து என்ன பயன்?

ஒக்டோபர் 1இல் முல்லைத்தீவு போனது. நான்கு நாள் கழித்து மன்னார்.

* * *

1795 ஒக்டோபர் 5. இந்தத் திகதியை ஐரோப்பிய வரலாறு படித்தவர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள்.

அதே நாளில் பாரிஸ் தெருக்களில் அரச ஆதரவாளர் கூட்டம் புரட்சி அரசைக் கவிழ்க்கத் திரண்டது. அவர்களைத் தடுக்க அழைக்கப்பட்டவர் வேலையில்லாமல் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பீரங்கிப்படை அதிகாரி. வயது 26. பீரங்கிகளில் சிறு குண்டுகளை நிரப்பிக் கூட்டத்தின் மேல் சுடச்செய்தார். அன்று மாலைக்குள் அரசு தப்பியது, அவர் பெயரும் வெளியே வந்தது. நெப்போலியன் போனபார்ட்.

மன்னாரில் ஒல்லாந்தர் காலம் முடிந்த நாளும் பிரான்சில் நெப்போலியன் காலம் தொடங்கிய நாளும் ஒன்றே. தற்செயல்தான், நான் இதில் விதி எதையும் தேடவில்லை. ஆனால் இனி இருபது வருடங்களுக்கு அந்த மனிதரைப் பற்றிய பயமே இலங்கை பற்றிய ஆங்கில முடிவுகள் பலவற்றுக்குப் பின்னால் நிற்கப்போகிறது.

அன்று தீவின் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. கொடியின் நிறம் மாறியதைத் தூரத்திலிருந்து கண்டிருக்கலாம். பறங்கி போய் ஒல்லாந்தன் வந்தான், ஒல்லாந்தன் போய் இங்கிலீசுக்காரன் வந்தான். தீர்வை யாரிடம் கட்டுவது என்பதே அவனுக்குக் கேள்வியாக இருந்திருக்கும்.

* * *

கொழும்பு இன்னும் மிச்சம். அதை விழுத்தியதில் பீரங்கிக்கு இருந்த பங்கைவிடச் சம்பளப் பாக்கிக்கு இருந்த பங்கு பெரிது.

கொழும்புக் காவற்படையின் முதுகெலும்பு மெய்ரோன் படையணி. சுவிஸ்காரர்கள். நியூஷாத்தல் என்ற ஊரைச் சேர்ந்த சார்ள் டி மெய்ரோன் பிரபு 1781இல் ஆள்சேர்த்து ஒல்லாந்தக் கம்பனிக்கு வாடகைக்கு விட்ட படை. பிரபு சொந்த ஊரில் வசதியாக இருந்தார். கொழும்பில் படையை நடத்தியவர் அவருடைய தம்பி பியேர் பிரெட்ரிக்.

ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்த ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற பேராசிரியர், பிரித்தானிய அரசின் இரகசியத் தூதுவராக நியூஷாத்தலுக்குப் போனார். 1795 மார்ச் 30 அன்றே பேரம் படிந்திருந்தது. ஒல்லாந்தக் கம்பனி வைத்த சம்பளப் பாக்கியையும் சேர்த்து ஆங்கிலேயர் கட்டுவார்கள், படை அப்படியே அவர்களிடம் மாறும். பிறகு பேராசிரியரும் பிரபுவும் எகிப்து வழியாகச் செங்கடல் கடந்து, மலையாளக் கரையின் தலைச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். வரலாறு படிப்பித்தவர் வரலாற்றுக்குள் இறங்கி வியாபாரம் பேசிய அபூர்வ சந்தர்ப்பம்.

முற்றுகைக்குத் தயாராகும் கொழும்புக் கோட்டைக்குள் செய்தியை அனுப்புவது எப்படி? ஒரு ஒல்லாந்தப் பாற்கட்டிக்குள் கடிதத்தை மறைத்துத் தம்பிக்கு அனுப்பினார்கள் என்பது பிரபலமான கதை. பாற்கட்டி உண்மையோ அழகுக்குச் சேர்த்ததோ, செய்தி போய்ச் சேர்ந்தது உண்மை. அந்த ஆண்டு முடியுமுன்னர் மெய்ரோன் படையணி கொழும்பிலிருந்து கப்பலேறி ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து இதே சுவிஸ்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றார்கள் என்பது இன்னொரு தொடருக்குரிய கதை.

1796 பெப்ரவரி 15 அன்று ஆங்கல்பேக் சரணாகதி உடன்படிக்கைக்கு இணங்கினார். அடுத்த நாள் ஆங்கிலேயர் கொழும்புக்குள் நுழைந்தார்கள். அமைதி வந்ததும் உரியவருக்குத் திருப்பித் தருவோம் என்ற பேச்சோடு தொடங்கிய விவகாரம் இது. 1802இல் ஆமியன்ஸ் உடன்படிக்கையில் நன்னம்பிக்கை முனையைத் திருப்பிக் கொடுத்த இங்கிலாந்து, இலங்கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

* * *

புதியவர்கள் காத்திருக்கவில்லை. அதே 1796இல் முத்துச் சலாபம் நடந்தது. 28 வருடங்களாகப் படகு போகாத பார்களுக்கு மறுபடி தோணிகள் போயின. எதிர்க்கரையிலிருந்து பரவரும் மரைக்காயரும் வந்தார்கள். சுறாவை வாய்கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் வேலை வந்தது. ஆளில்லாத அரிப்பு மணலில் கொட்டில்கள் முளைத்து ஒரு பட்டணமே எழுந்தது. நவாபோடு தகராறு இருந்தவரை ஒல்லாந்தரால் தொட முடியாத பணம், நவாபைத் தம் கைக்குள் வைத்திருந்த ஆங்கிலேயரின் மடியில் விழுந்தது. அடுத்த இரு ஆண்டுகளும் சலாபம் தொடர்ந்தது.

முத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும்.

ஆனால் வருமானத்தைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து ரொபர்ட் அன்ட்ரூஸ் வந்தார். அவரோடு அமில்தார் என்ற வரி அதிகாரிகளும் துபாசி என்ற மொழிபெயர்ப்பாளர்களும் வந்தார்கள். இந்த மண்ணின் வழமை அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. ஊர்த் தலைமைக்காரர் ஓரங்கட்டப்பட்டனர். நூற்றாண்டுகளாக இராசகாரியமாகச் செய்துவந்த ஊழிய முறை அகற்றப்பட்டு, அதற்குப் பதிலாக வரிகள் வந்தன. கடைசியில் தென்னை மரத்துக்கும் வரி.

1797இல் கரையோரம் கொதித்தது. கொடி மாறியபோது பேசாமல் இருந்த மக்கள், தென்னைக்கு வரி என்றதும் எழுந்தார்கள். ஆங்கிலேயருக்கு இது புதிய பயம். வெளியே பிரெஞ்சுக் கப்பல் எந்த நேரமும் வரலாம். உள்ளே கண்டியரசன் கிளர்ச்சிக்காரருக்குக் கைகொடுக்கலாம்.

என்ன பிழை நடந்தது என்று கண்டறிய அதே ஆண்டு ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். மூவர் குழு. வரி போட்ட அன்ட்ரூசே அதில் ஓர் அங்கத்தவர் என்பது வேடிக்கை. கொழும்புக்குக் கடிதம் கொண்டுபோன அக்னியூ இன்னொருவர். அவர்கள் இருவருக்கும் மேலே தலைவராக உட்கார்ந்தவரையும் இந்த வாரமே சந்தித்திருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை ஒல்லாந்தரின் சம்பளத்தில் இருந்தவர் அவர்.

யார் அவர்? நேற்றுப் பக்கம் மாறியவரின் பேச்சைக் கேட்டு, இன்று ஆளுகிறவர்கள் தங்கள் வரியைத் திரும்பப் பெறுவார்களா?

(அடுத்த வாரம்)